யாரும் உட்காராத சீட்

ஜனவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

வண்டியோடு இந்தக் கடிதமும் கைக்கு வந்திருக்கும். லாரிக்காரர் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போகப் பார்த்தால் விடாதீர்கள். உள்ளே கொண்டுவந்து வைப்பதற்கும் சேர்த்துத்தான் பேசியிருக்கிறோம்.

நீங்கள் என்னோடு பேசுவதில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன் செய்தால், "இரு, உன் அண்ணன்கிட்ட தரேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறீர்கள். இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. என்ன தப்பு செய்தேன் என்று யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கோபம் கோபமாகவே இருக்கட்டும், வேலை விஷயத்துக்காவது பதில் போடுங்கள்.

இதுதான் நான் இழைத்து இழைத்துச் செய்த மின்சார சைக்கிள். பெண்கள் ஓட்டுவதற்கென்றே செய்தது. நடுவில் குறுக்குக் கம்பி கிடையாது, அறைக்குள் நுழைவது போல் காலை எடுத்து வைத்து ஏறலாம். ஆடை சக்கரத்தில் மாட்டாமல் வலை போட்டிருக்கிறேன். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் போடலாம். சீட்தான் என் செல்லப்பிள்ளை. அகலமாக, மெத்தையாக, பின்பக்கம் தாங்கும்படி நானே வரைந்தேன்.

பன்னிரண்டு பேருக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருக்கிறோம். பன்னிரண்டாவது ஆளாக உங்கள் பெயரை நான்தான் எழுதினேன். போனில் கேட்டால் எல்லாரும் "சூப்பரா இருக்கு" என்று சொல்லிக் கையைக் கழுவிவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம். குறையை எழுதுங்கள், திட்டி எழுதினாலும் சரி. மார்ச் பத்தாம் தேதி சீட்டை வார்க்கிற அச்சை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். வண்டி ஓடுவதை அது குறித்துக்கொள்ளும். நீங்கள் அதைத் தொட வேண்டியதில்லை.

குட்டிப்பயலுக்கு என் முத்தங்கள்.

வாலு

*

ஜனவரி 16

வாலுக்கு,

முப்பத்திரண்டு வயதாகியும் இந்த வீட்டில் உனக்கு அந்தப் பெயர்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

வண்டி வந்தது. மாடிப்படிக்கு அடியில் நிறுத்தியிருக்கிறேன்.

குறை கேட்டாய். பிரேக்கைப் பிடிக்க என் விரல் நுனிதான் எட்டுகிறது. ஈரக் கையாக இருந்தால் வழுக்கும். ஸ்டாண்ட் போட இடுப்பில் பலம் வேண்டும். கூடைக்கு மூடி வேண்டும், குண்டும் குழியுமான ரோட்டில் உள்ளே இருப்பது வெளியே குதிக்கிறது. நிறையும் எழுதுகிறேன். காலைத் தூக்காமல் ஏற முடிவது பெரிய உபகாரம். மேட்டில் முக்காமல் ஏறுகிறது. சீட் நன்றாக இருக்கிறது.

இனி நான் கேட்கிறேன், நீ பதில் சொல். அந்தப் பெட்டி என்னவெல்லாம் குறித்துக்கொள்கிறது? போன இடத்தையா, போன நேரத்தையா? அதை யார் யார் பார்க்கிறீர்கள்? உன் அண்ணன் கேட்டால் காட்டுவாயா? "தொட வேண்டியதில்லை" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய். அப்படித் தாண்டிப் போன வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

ஊரில் இத்தனை பெண்கள் இருக்க, பேசாத அண்ணிக்கு எதற்கு வண்டி? இந்த வீட்டில் யாரும் எனக்கு எதையும் சும்மா கொடுத்ததில்லை.

அண்ணி

*

ஜனவரி 27

அன்புள்ள அண்ணி,

பதில் போட்டதே பெரிது. பிரேக்கைச் சரிசெய்யச் சொல்லிவிட்டேன். கூடை மூடிக்கு ஒருத்தர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

பெட்டிக்கு இடம் எல்லாம் தெரியாது. எவ்வளவு தூரம், எந்த நேரம், எத்தனை தடவை பிரேக், சீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். சனிக்கிழமைதோறும் கணக்கைத் தானாக அனுப்பிவைக்கும். பார்ப்பது நானும் அந்தப் பெட்டியைச் செய்த எங்கள் கருவிக்காரரும் மட்டும்.

இப்போது எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாகத் தெரியவில்லை. உடைத்தே சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டி தினமும் காலை ஆறே காலுக்குக் கிளம்புகிறது. பதினோரு கிலோமீட்டர் ஓடுகிறது. ஓடுகிற நேரம் ஐம்பது நிமிடம். அதில் நாற்பத்து மூன்று நிமிடம் சீட்டில் யாருமே இல்லை. ஒருநாள் இரண்டுநாள் இல்லை, எல்லா நாளும் இப்படித்தான்.

கருவிக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஸ்டாண்ட் போட்டு, ஆக்சிலேட்டரைக் கட்டிவச்சு, சக்கரத்தைச் சும்மா சுத்த விட்டிருக்காங்க. கிலோமீட்டர் காட்ட வேண்டாமா?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உங்கள் பெயரைக் கொடுத்ததே நான்.

மனசு கேட்காமல் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அது படிக்கு அடியிலேயேதானே நிக்குது, நான் பாக்குறப்பல்லாம் அங்கதான் இருக்கு" என்றார். ஓட்டப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள் அண்ணி. நான் கோபப்பட மாட்டேன். பொய்க் கணக்கு மட்டும் வேண்டாம்.

வாலு

*

பிப்ரவரி 3

வாலுக்கு,

உன் அண்ணனுக்குப் போன் போட்டாய். நல்ல காரியம் செய்தாய்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, கேட்டுக்கொள். நவம்பரிலிருந்து நான் வேலைக்குப் போகிறேன். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஒன்பது மணிக்குள் லேபில் கொடுக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் நான் செய்துகொண்டிருந்ததுதான். பையன் பள்ளிக்கூடம் போகும்வரை வீட்டில் இரு என்று உன் அண்ணன் சொல்லியிருந்தார். இருந்து பார்த்தேன். சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயம் வந்தது. அவர் அஞ்சரை மணி ஷிப்டுக்குக் கிளம்பியதும் பையனைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் விட்டுவிட்டுப் போவேன், அவன் கண் விழிப்பதற்குள் பாதி வீடு முடித்துவிடுவேன். உன் வண்டி வந்த பிறகுதான் பஸ்ஸுக்காக ஓடாமல் மூச்சு விட்டேன்.

நீ போன் போட்ட மறுநாள் உன் அண்ணன் வேலையிலிருந்து பாதியில் திரும்பி வந்தார். எட்டு மணி. படிக்கு அடியில் வண்டி இல்லை. நான் வரும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "எங்க போய்ட்டு வர?" என்று கேட்டார். சொன்னேன். என் பையைத் திறந்து, ஊசி, பஞ்சு, குப்பி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். சந்தேகம் உங்கள் குடும்பத்துச் சொத்து, ஆளுக்குச் சரிபாதி பிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது வண்டி படிக்கட்டுக் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடக்கிறது. சாவி அவர் சட்டைப் பையில். "கம்பெனி வண்டி, தங்கச்சியே கணக்கு சரியில்லைங்கறா, திருப்பி அனுப்பிடலாம்" என்கிறார். வேலைக்குப் போகாதே என்று வாயால் சொல்லவில்லை. வண்டி போனால் வேலை தானாகப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். வண்டி வந்த தைரியத்தில் கூடுதல் வீடுகளை ஒப்புக்கொண்டு, இப்போது பதினோரு வீடு. சாப்பிடாமல் எனக்காகக் காத்திருக்கிற வயசானவர்கள். ஒரு வாரமாகப் பஸ்ஸிலும் நடந்தும் போகிறேன். நேற்று ஒன்பதே காலுக்குப் போனேன். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று லேபில் சொல்லிவிட்டார்கள்.

சக்கரத்தைச் சும்மா சுற்றவிட்டு வேடிக்கை பார்க்க எனக்கு வேறு வேலை இல்லையா? நான் ஓட்டினேன். தினமும் ஓட்டினேன். அதற்கு மேல் உனக்குச் சொல்ல வேண்டியது இல்லை. வண்டி ஓடியாக வேண்டும் என்று உன் வாயாலேயே உன் அண்ணனிடம் சொல்.

அண்ணி

*

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணி,

கடிதம் கிடைத்த அன்றே அண்ணனிடம் பேசினேன். வண்டி ஓடவில்லை என்றால் எனக்குத்தான் கெட்ட பெயர் என்றேன். நீங்கள் வேலைக்குப் போவது உங்கள் இருவர் விஷயம், அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. சாவியைத் தருகிறேன் என்றார். தந்தாரா? "அவ எங்கெங்க நிக்கிறா, எவ்வளவு நேரம் நிக்கிறான்னு உன் பெட்டி சொல்லுமா?" என்றும் கேட்டார். இடம் அதற்குத் தெரியாது என்றேன். நேரம் தெரியும், ஆனால் தரமாட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் போனைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பதினோரு வீடு போனது நிஜம் என்றால் சீட் ஏன் காலி? பெட்டியைக் கழற்றிச் சோதித்துப் பார்க்க முடியாது, அது உங்களிடம் இருக்கிறது. அதே மாதிரிப் பெட்டியை இங்கே என் வண்டியில் மாட்டி ஓட்டினேன். உட்கார்ந்த நிமிஷமெல்லாம் சரியாகக் காட்டுகிறது. வேறு யாராவது ஓட்டுகிறார்களா? எடை குறைந்த யாராவது? லேபில் உங்கள் வேலையை வேறு ஒருத்தருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்களா?

இப்படிக் கேட்பது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் எங்கள் பிரிவுத் தலைவர் விடவில்லை. காரணம் எழுதிக் கொடு, இல்லையென்றால் அந்த வண்டியைத் திரும்ப வரவழைத்து ஒழுங்காக ஓட்டுகிற ஆளுக்குக் கொடு என்கிறார். மாதக் கடைசியில் வண்டி எடுக்க ஆள் வரும். அதற்குள் உண்மையை எழுதுங்கள். பூசி மெழுகாமல் எழுதுங்கள்.

வாலு

*

பிப்ரவரி 16

வாலுக்கு,

சாவி தந்தார். தரும்போது எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்டார். இப்போது தினமும் அந்த மணிக்குப் போன் வருகிறது. நீ கேட்கிறாய், உன் தலைவர் கேட்கிறார், அவர் கேட்கிறார். நான் எங்கே இருந்தேன் என்று எல்லாரும் கேட்டாகிவிட்டது. எப்படி இருந்தேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நின்றுகொண்டு ஓட்டுகிறேன்.

இரண்டு பெடலையும் சமமாக நிறுத்தி, ஒரு காலை முன்னால் வைத்து, முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி போகும். குழி வந்தால் முட்டி தாங்கிக்கொள்ளும். முதல் வாரம் தொடை கடுத்தது, பிறகு பழகிவிட்டது. நீ கண்ட அந்த ஏழு நிமிடம், கால் ஓய்ந்துபோய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த ஏழு நிமிடம்.

என்னால் உட்கார முடியாது. வண்டியில் மட்டும் இல்லை. நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவேன். ரத்தம் எடுக்கப் போகிற வீட்டில் நின்றுகொண்டே வேலையை முடிப்பேன், என்ன பணிவான பெண் என்று மெச்சுவார்கள். பையன் பிறந்தபோது போட்ட தையல் சரியாக ஆறவில்லை. அந்த இடம் இன்றுவரை கத்தி வைத்த மாதிரி இருக்கிறது. உன் மெத்தை சீட்டின் மூக்கு நேராக அங்கேதான் வந்து குத்துகிறது. எவ்வளவு மெத்தை வைத்தாலும் குத்துகிற இடம் குத்துகிற இடம்தான்.

என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன். பையன் பிறந்து பத்தாவது நாள். எனக்குத் துணையாக நீ வந்திருந்தாய். பால் கொடுக்க உட்கார முடியாமல் படுத்தபடியே அழுதுகொண்டிருந்தேன். "வலிக்குது வாலு, என்னவோ சரியில்ல, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியா" என்று கேட்டேன். உன் மடியில் கம்ப்யூட்டர். என்னவோ வரைந்துகொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் அப்படித்தானாம் அண்ணி, நாலு நாள்ல சரியாயிடும்" என்றாய். உன் அண்ணனிடம் சொன்னேன். "அவளே சொல்லிட்டாளே" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன். நாலு நாள் என்றாய். இரண்டரை வருஷம் ஆகிறது.

இதை உன் கருவிக்காரரிடம் படித்துக் காட்டாதே. உன் அண்ணனிடம் ஒரு வார்த்தை போனாலும் எனக்குத் தெரிந்துவிடும். உண்மை கேட்டாய், எழுதிவிட்டேன். வண்டியை எடுத்துக்கொள்வதானால் ஆளை அனுப்பு.

அண்ணி

*

பிப்ரவரி 27

அண்ணி,

பத்து நாள் எழுத முடியவில்லை. மன்னிப்புக் கேட்டு நாலு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். நான் அன்று நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. உங்கள் வலியை நான் தட்டிக் கழித்தேன், அதைப் பிடித்துக்கொண்டு அண்ணனும் தட்டிக் கழித்தார். மன்னியுங்கள் என்று கேட்கக்கூட வாய் கூசுகிறது.

உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஆனால் வேறு ஒரு காரியம் செய்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். சக்கரம் சுற்றும்போது சீட் காலியாக இருந்தால் அது ஸ்டாண்டில் சுற்றியது, கணக்கில் சேர்க்காதே என்று ஒரு விதி வைத்திருந்தோம். கணக்கு போடுகிற கம்ப்யூட்டருக்கு அந்த விதியை எழுதிக் கொடுத்ததே நான்தான். உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த விதியை எடுத்துவிட்டு, பன்னிரண்டு பேர் கணக்கையும் முதலிலிருந்து பார்த்தேன். உங்களையும் சேர்த்து ஐந்து பேர் நின்று ஓட்டியிருக்கிறார்கள். மற்ற நாலு பேரும் அவ்வப்போது உட்கார்ந்ததால் அது வெளியே தெரியவில்லை. உங்கள் கணக்கில் மட்டும் விதி தின்றது போக ஏழே நிமிடம் மிஞ்சியதால் கண்ணில் பட்டது.

அந்த நாலு பேரில் ஒருத்தர் தபால் கொடுக்கிற அம்மா, எங்கள் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நேரில் போனேன். "சீட் எப்படி இருக்குன்னு கேட்டீங்க, நல்லாருக்குன்னு சொன்னேன். பாக்க நல்லாத்தான் இருக்கு. உக்காந்தியான்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வலிக்காத ஏழு பேரை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் வசதி என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அதுவும் பொய்தான். என் கம்ப்யூட்டரில் சீட்டின் முதல் படத்தைத் தேடி எடுத்துத் தேதியைப் பார்த்தேன். பையனின் பிறந்த தேதியோடு பத்து நாள் கூட்டினால் வருகிற தேதி. அன்று உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் வரைந்துகொண்டிருந்தது இந்த சீட்டைத்தான்.

தனிப் பார்சலில் ஒரு சீட் அனுப்பியிருக்கிறேன். பட்டறையில் என் கையாலேயே அறுத்து ஒட்டினேன். மூக்கு கிடையாது, நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் தனித்தனித் திண்டு. பார்க்க அசிங்கமாக இருக்கும். வலித்தால் வலிக்கிறது என்று எழுதுங்கள். ஆனால் சீட் மருந்து இல்லை. டாக்டரிடம் போங்கள் அண்ணி. இந்தத் தடவை நான் கூட வருகிறேன், ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தலைவரிடம் ஐந்து பேர் என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை. "யாரோ அஞ்சு பேருக்கு எங்கயோ வலின்னு நீ சொல்றதை வச்சு அச்சை நிறுத்த முடியாது. ஒருத்தராவது வந்து எங்க முன்னால சொல்லட்டும்" என்கிறார். மார்ச் இருபது வரை அச்சைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். யாரும் வராவிட்டால் பழைய சீட்டையே வெட்டிவிடுவார்கள், நின்று ஓட்டுகிற ஐந்து பேரின் வண்டியையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அந்த அறையில் உட்கார்ந்து முடிவு எடுப்பவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஆண்கள். தபால்காரம்மாவும் மற்ற மூன்று பேரும் மாட்டேன் என்றுவிட்டார்கள். உங்களைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

வாலு

*

மார்ச் 12

வாலுக்கு,

பார்சல் வந்ததும் சீட்டைத் தலைகீழாகப் புரட்டி, துணியை ஒரு ஓரத்தில் பிரித்து, உள்ளே ஒயர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பிறகுதான் மாட்டினேன்.

முதல் நாள் பதினோரு நிமிடம் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் இருபது. வலது திண்டின் உள் ஓரம் உராய்கிறது, அரை விரல் அறுத்துவிடு. திண்டு இரண்டும் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கலாம். இது குறை. நிறை என்ன என்று கேட்டால், திங்கட்கிழமை ஆறாவது வீட்டிலிருந்து ஏழாவது வீட்டுக்குப் போகும்போது வலியை மறந்து கொஞ்ச தூரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன். வண்டியை நிறுத்தி ஓரமாக நின்று அழுதேன். அதையும் உன் பெட்டி எழுதியிருக்கும், நான்கு நிமிடம் நின்றது என்று.

டாக்டரிடம் போய்வந்தேன். தனியாகத்தான் போனேன். லேபில் தெரிந்த டாக்டரம்மா. தையல் தப்பாகச் சேர்ந்திருக்கிறது, சின்னதாகப் பிரித்துப் போட்டால் சரியாகும் என்றார். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன். தேதி குறித்ததும் சொல்கிறேன், நீ வந்து பையனைப் பார்த்துக்கொள். கம்ப்யூட்டரை எடுத்து வராதே.

உன் மன்னிப்பைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதமாட்டேன். பாதி நம்புகிறேன். மீதிக்கு நாளாகும்.

இருபதாம் தேதி நான் வருகிறேன். உன் தலைவரிடம் சொல். எந்த இடத்தில், எப்படி, எத்தனை நாளாக என்று ஆறு பேர் முன்னாலும் சொல்கிறேன். ரத்தம் எடுக்கப் போகிற வீடுகளில் மற்றவர்கள் உடம்பைப் பற்றித் தினமும் பேசுகிறவள்தானே, என் உடம்பைப் பற்றியும் பேச வரும். பதிலுக்கு, வண்டி என் பெயருக்கு வர வேண்டும். இரவல் வேண்டாம், திருப்பி அனுப்பிவிடலாம் என்று இனி யாரும் சொல்லக் கூடாது. அதை அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாயைத் திறப்பேன்.

உன் அண்ணனும் வருகிறார். வண்டி விஷயமாகக் கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவ்வளவு தூரம் தனியாக எதற்கு, நானும் வருகிறேன் என்று உடனே லீவு போட்டுவிட்டார். நான் எங்கே போகிறேன் என்று பார்க்க வருகிறார். வரட்டும். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிடாதே. உள்ளே ஒரு நாற்காலி கூடுதலாகப் போடச் சொல். தனியாக இருக்கும்போது அவரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், காதில் விழவில்லை. ஏழாவது ஆளாக உட்கார்ந்து கேட்கட்டும்.

அண்ணி